கணினி போட்ட பொருத்தம்

1960-களின் நடுவில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில், புதிதாகச் சேர்ந்த மாணவர்களுக்கான வரவேற்பு வாரத்தையொட்டி ஒரு நடன விருந்துக்கு அறிவிப்பு வந்தது. சீட்டு விலை ஒரு டாலர். ஆடுவதற்கு ஜோடி தேடி அலைய வேண்டாம், தங்களைப் பற்றிய விவரங்களைப் படிவத்தில் எழுதிக் கொடுத்தால் ஏற்ற துணையைக் கணினியே தேர்ந்து தரும் என்றார்கள். கணினியைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவாக இருந்த காலம் அது. முதலில் வந்து சீட்டு வாங்கிய 376 ஆண்களும் 376 பெண்களும் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். தாங்கள் ஓர் ஆய்வுக்குள் கால் வைத்திருப்பது அவர்களுக்குத் தெரியாது.

உண்மையில் கணினி எந்தப் பொருத்தமும் பார்க்கவில்லை. ஜோடிகள் குலுக்கல் முறையில் அமைக்கப்பட்டன. சீட்டு கொடுக்கும் மேசையில் இருந்த நான்கு பேர், வந்தவர் ஒவ்வொருவரின் தோற்றத்துக்கும் சில நொடிகளில் மதிப்பெண் போட்டுக்கொண்டார்கள். அதனுடன் மாணவர்களின் தேர்வு மதிப்பெண்கள், ஆளுமைச் சோதனை முடிவுகள், தன்மதிப்பைக் காட்டும் விடைத்தாள்கள் ஆகியவையும் எலைன் வால்ஸ்டர், எலியட் ஆரன்சன் உள்ளிட்ட ஆய்வாளர்களின் கையில் இருந்தன. ஆட்டத்தின் இடைவேளையில் ஒவ்வொருவரிடமும் கேட்டார்கள்: ஜோடியை எவ்வளவு பிடித்திருக்கிறது, மறுபடி சந்திக்க விருப்பமா? சில மாதங்கள் கழித்து, அந்த ஆண்கள் அந்தப் பெண்களை உண்மையிலேயே வெளியே அழைத்தார்களா என்றும் விசாரித்தார்கள்.

ஆய்வாளர்கள் எதிர்பார்த்தது வேறு. தன் தராதரம் அறிந்தவர் தனக்கு ஈடான துணையைத்தான் நாடுவார், எட்டாத இடத்துக்கு ஆசைப்பட்டு மூக்குடைபட மாட்டார் என்பது அவர்களின் கருதுகோள். 1966-இல் வெளியான முடிவு அதற்கு இடம் கொடுக்கவில்லை. தன் தோற்றம் எப்படி இருந்தாலும் எல்லோரும் அழகானவரையே மறுபடி பார்க்க விரும்பினார்கள். அறிவும் குணமும் பழகும் திறமும் அந்த ஓர் இரவுக்குள் எந்தக் கணக்கிலும் வரவில்லை. இதில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

இப்படிப்பட்ட ஆய்வுகளுக்கு மக்களின் வரிப்பணம் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. 1975-இல் செனட்டர் வில்லியம் பிராக்ஸ்மையர், அரசுப் பணத்தை வீணடிப்பவர்களைக் கேலி செய்ய ‘கோல்டன் ஃப்ளீஸ்’ என்றொரு விருதை அறிவித்தபோது, முதல் அம்பு பாய்ந்தது காதல் ஆய்வின் மீதுதான். அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை இதற்குத் தந்த 84,000 டாலர் அவர் கண்ணை உறுத்தியது. வாழ்க்கையில் சில விஷயங்கள் மர்மமாகவே இருப்பதைத்தான் மக்கள் விரும்புகிறார்கள் என்பது அவருடைய வாதம். ஆய்வாளர்களில் ஒருவர் அதே எலைன் வால்ஸ்டர், பின்னாளில் எலைன் ஹாட்ஃபீல்ட். செனட்டரின் கவலை தேவையற்றது என்பதை அதற்குப் பிந்தைய அரை நூற்றாண்டு காட்டிவிட்டது. துணைத் தேர்வு பற்றிய உளவியல் ஆய்வுகளைத் தொடர்ந்து படிக்கிறவருக்கு ஒன்று விளங்கும்: யாரை யார் மறுப்பார்கள், யார் யாருடைய கண்ணிலேயே படமாட்டார்கள் என்பதை இந்தத் துறை நன்றாகவே விளக்குகிறது. மிஞ்சியவர்களுள் ஏன் இவர் என்ற கேள்விக்கு அதனிடம் விடை இல்லை. அந்த விடை இல்லை என்பதை எண்களால் அளந்து காட்டியதுதான் அதன் அண்மைக் காலச் சாதனை என்பேன்.

மின்னசோட்டா ஆய்வைப் பாடநூல்கள் ‘அழகே எல்லாம்’ என்ற ஒற்றை வரியாகச் சுருக்கிவிட்டன. அந்த 752 பேரும் யார் என்பதைச் சுருக்கத்தில் காணோம். ஒரே பல்கலைக்கழகம், ஒரே வயது, ஒரே ஆண்டுச் சேர்க்கை. சலித்து எடுக்கும் வேலையில் பெரும்பகுதி நடன அரங்கின் கதவு திறப்பதற்கு முன்பே முடிந்துவிட்டது. இன்னொரு சிறு விவரமும் உண்டு. குலுக்கல் முற்றிலும் குருட்டுத்தனமாக நடக்கவில்லை. எந்த ஆணுக்கும் அவனைவிட உயரமான பெண்ணை ஜோடியாகப் போடக் கூடாது என்று ஆய்வாளர்களே ஒரு விதி வைத்துக்கொண்டார்கள். எதையும் முன்முடிவாகக் கொள்ளாமல் மனிதர்களின் விருப்பத்தை அளக்கப் புறப்பட்டவர்களுக்கே, இது மட்டும் ஒத்துவராது என்று தோன்றியிருக்கிறது!

கதவுக்கு முந்தைய இந்தச் சலிப்பை முதலில் எண்ணிப் பார்த்தவர்களுள் ஒருவர் ஜேம்ஸ் போசார்ட் என்னும் சமூகவியலாளர். ஃபிலடெல்ஃபியா நகரில் வரிசையாக 5,000 திருமண உரிம விண்ணப்பங்களை எடுத்து, மணமக்களின் முகவரிகளை மட்டும் பார்த்தார். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஜோடிகள், திருமணத்துக்கு முன்பே ஒருவருக்கொருவர் ஐந்து தெருக்கட்ட தூரத்துக்குள் குடியிருந்தவர்கள். தூரம் கூடக் கூடத் திருமணங்களின் எண்ணிக்கை சரிந்தது. 1932-இல் இதை அவர் வெளியிட்டார். உலகத்திலேயே உனக்கென்று பிறந்த ஒருவர் உண்டு என்று நம்புகிறவர்கள், அந்த ஒருவர் இவ்வளவு பக்கத்துத் தெருவில் வந்து பிறந்ததன் வசதியை யோசிக்க வேண்டும்.

அருகில் இருப்பது வாய்ப்பைத் தருகிறது என்பது எளிதில் விளங்கும். விருப்பத்தையும் அதுவே உண்டாக்குமா? ராபர்ட் சயான்ஸ் 1968-இல் காட்டியது, அடிக்கடி கண்ணில் படும் எதையும் மனம் மெல்ல மெல்ல விரும்பத் தொடங்கும் என்பது. 1992-இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மோர்லண்ட், பீச் என்ற இருவர் இதை வகுப்பறைக்கே கொண்டுபோனார்கள். ஏறக்குறைய ஒரே மாதிரித் தோற்றமுள்ள நான்கு பெண்களை மாணவிகள்போல ஒரு வகுப்பில் வந்து அமரச் செய்தார்கள். ஒருவர் ஒருமுறையும் வரவில்லை. மற்றவர்கள் ஐந்து, பத்து, பதினைந்து முறை வந்தார்கள். யாருடனும் பேசவில்லை. பருவ இறுதியில் புகைப்படங்களைக் காட்டிக் கேட்டபோது, அதிகம் வந்து போனவருக்கே ஈர்ப்பு மதிப்பெண் கூடியது. அவர்களை முன்பு பார்த்ததாக மாணவர்களுக்குச் சரியாக நினைவுகூட இல்லை.

பழக்கம் ஈர்ப்பைக் கூட்டும் என்றால் ஒரே வீட்டில் வளர்ந்தவர்களிடம் அது உச்சத்தில் இருக்க வேண்டும். நடப்பது நேர்மாறு. பின்லாந்துக்காரரான எட்வர்ட் வெஸ்டர்மார்க் 1891-இல் எழுதிய திருமண வரலாற்று நூலில், குழந்தைப் பருவத்தில் சேர்ந்து வளர்ந்தவர்களிடையே பாலுணர்வு ஈர்ப்பு மங்கிவிடுகிறது என்றார். இஸ்ரேலின் கிப்புட்ஸ் கூட்டுப்பண்ணைகளில் குழந்தைகள் பெற்றோரிடம் அல்லாமல் வயதுக் குழுக்களாக வளர்க்கப்பட்டார்கள். அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் 2,769 திருமணங்களை ஜோசப் ஷெஃபர் ஆராய்ந்தபோது, ஒரே குழுவைச் சேர்ந்த இருவர் மணந்துகொண்டவை 14 மட்டுமே. யாரும் அவர்களைத் தடுத்திருக்கவில்லை. தைவானில் வருங்கால மருமகளைக் கைக்குழந்தையாகவே தத்தெடுத்து மகனோடு வளர்க்கும் பழக்கம் இருந்தது; அப்படி நடந்த திருமணங்களில் மணமுறிவு அதிகம், பிள்ளைப்பேறு குறைவு என்று ஆர்தர் வுல்ஃப் நிறுவினார்.

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு நம் முறைப்பெண், முறைமாப்பிள்ளை வழக்கம் நினைவுக்கு வருவது இயல்பு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒரு பங்குக்கும் மேலான திருமணங்கள் சொந்தத்துக்குள் நடந்தவை. ஆனால் நம் உறவுமுறை எல்லா ஒன்றுவிட்ட உறவுகளையும் ஒரே தட்டில் வைப்பதில்லை. சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் அண்ணன் தங்கைகள். அத்தை, மாமன் பிள்ளைகள் கட்டிக்கொள்ளும் முறை. கூட்டுக்குடும்பத்தில் ஒரே கூரைக்குக் கீழ் வளர்கிறவர்கள் பெரும்பாலும் முதல் வகையினர். அத்தை மகனோ வேறு ஊரில் வளர்ந்து திருவிழாவுக்கும் கோடை விடுமுறைக்கும் வந்து போகிறவன். பிட்ஸ்பர்க் வகுப்பறை சொல்லும் அளவான பழக்கமும் வெஸ்டர்மார்க் சொல்லும் போதிய தூரமும் இங்கே ஒன்றாகக் கூடிவிடுகின்றன. முறை இதற்காகவே ஏற்பட்டது என்று வாதிட நான் வரவில்லை. நிலமும் உறவும் சிதறாமல் காப்பதில் அதற்கிருந்த பங்கை மானிடவியலாளர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். அக்காள் மகளைக் கட்டும் தாய்மாமன் இந்தக் கணக்குக்குள் அவ்வளவு எளிதில் அடங்கவும் மாட்டார்.

சாதியை விட்டுவிட்டு இந்தியாவில் துணைத் தேர்வைப் பற்றிப் பேச முடியாது. 2011–12 இந்திய மனித வளர்ச்சி ஆய்வின்படி சாதி கடந்த திருமணங்கள் ஏறத்தாழ 5 விழுக்காடு. இது வெறும் கட்டாயத்தின் விளைவா, விருப்பத்தின் விளைவா? அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட நால்வர் கொல்கத்தாவின் ‘ஆனந்தபஜார் பத்திரிகா’ நாளிதழில் மணமக்கள் தேவை விளம்பரம் கொடுத்த 783 குடும்பங்களைச் சந்தித்து, வந்த பதில்களில் எவற்றுக்குத் திரும்ப எழுதினார்கள் என்று பார்த்தார்கள். 2013-இல் வெளியான அந்தக் கட்டுரையின் கணக்கு திடுக்கிட வைப்பது. சொந்தச் சாதிக்குள் மாப்பிள்ளை கிடைப்பதற்காகப் பெண் வீட்டார் விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்த அளவு, பள்ளிக்கூடமே போகாதவருக்கும் முதுகலைப் பட்டதாரிக்கும் உள்ள இடைவெளிக்குச் சமம். மாப்பிள்ளை வீட்டாரின் கணக்கில் அது, ‘பேரழகி’ என்று விளம்பரம் சொல்லும் பெண்ணுக்கும் ‘சுமாரான தோற்றம்’ உள்ள பெண்ணுக்குமான வித்தியாசத்தைப்போல் இருமடங்கு.

அதைவிட முக்கியமானது அவர்களின் இரண்டாவது கண்டுபிடிப்பு. நடைமுறையில் அந்த விலையை யாரும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு சாதிக்குள்ளும் படித்தவர், படிக்காதவர், அழகானவர், சுமாரானவர் எல்லோரும் இருப்பதால், சாதி வேலிக்குள் இருந்துகொண்டே ஏறத்தாழ அதே தரத்து வரன் கிடைத்துவிடுகிறது. சாதி பார்ப்பதால் குடும்பத்துக்கு நட்டம் ஏதும் நேர்வதில்லை. அதனால் பொருளாதார வளர்ச்சி மட்டுமே இதைக் கரைத்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது என்பது அவர்கள் முடிவு. கல்வி பெருகினால் கலப்புமணம் தானே பெருகும் என்று அரை நூற்றாண்டாக மேடைகளில் சொல்லிவருகிறவர்கள் இந்தக் கட்டுரையைப் படிக்க வேண்டும்.

ஒத்தவரோடு ஒத்தவர் சேர்வது இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. நூறாண்டுக்கும் மேலான ஆய்வுகளைத் திரட்டிய ஒரு தொகுப்பாய்வு 2023-இல் வெளிவந்தது. அளக்கப்பட்ட பண்புகளில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றில் இணையர் ஒருவரையொருவர் ஒத்திருந்தார்கள். அரசியல், மதக் கருத்துகளிலும் கல்வியிலும் ஒற்றுமை பலமாக இருந்தது. உயரத்தில் குறைவு; கலகலப்பானவரா, கூச்ச சுபாவியா என்பது போன்ற குணங்களில் அநேகமாக இல்லை. எதிரெதிர் துருவங்கள் ஈர்க்கும் என்ற பழைய நம்பிக்கைக்கு 1950-களில் ராபர்ட் வின்ச் அறிவியல் வடிவம் கொடுத்தார். அடக்கி ஆள விரும்புபவர் அடங்கிப்போக விரும்புபவரைத் தேடுவார் என்றார். அவர் ஆராய்ந்தது 25 தம்பதியரை மட்டும். பிறகு வந்தவர்களால் அதை உறுதிப்படுத்த முடியவில்லை. திரைப்படங்களில் அந்தக் கோட்பாடு இன்னும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், தலைவனுக்கும் தலைவிக்கும் இருக்க வேண்டிய பத்து ஒப்புமைகளைச் சொல்கிறது. பிறப்பு, வயது, உருவம், செல்வம் போன்றவற்றோடு அருளும் உணர்வும் அதில் உண்டு. 2023-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வோடு அதை ஒப்பிட்டால், உளவியலாளர்கள் மிக வலுவாகக் கண்ட கருத்து ஒற்றுமை தொல்காப்பியத்தில் தனியே பேசப்படவில்லை. தொல்காப்பியம் முன்வைக்கும் பிறப்பு, குடி ஆகியவை மேலை ஆய்வாளர்களின் வினாத்தாள்களில் அரிதாகவே இடம்பெறுகின்றன. களவியல் ஒரு விலக்கும் தருகிறது: தலைவன் உயர்ந்தவனாக இருந்தால் குற்றமில்லை. மின்னசோட்டாவின் உயர விதியை இதனருகே வைத்துப் பாருங்கள்.

இந்த விலக்கைத்தான் பரிணாம உளவியலாளர்கள் கையில் எடுத்தார்கள். டேவிட் பஸ் 1989-இல் வெளியிட்ட ஆய்வு 33 நாடுகளின் 37 பண்பாட்டுக் குழுக்களில் 10,047 பேரைக் கேட்டது. இந்தியாவும் அதில் உண்டு. பெண்கள் ஆண்களைவிட அதிகமாக வருமான வாய்ப்பையும், ஆண்கள் பெண்களைவிட அதிகமாக இளமையையும் தோற்றத்தையும் எதிர்பார்த்தார்கள். கருவைச் சுமந்து வளர்க்கும் பாரம் பெண்ணுடையது என்பதால் வளம் உள்ளவனைத் தேடும் மனம் அவளுக்கும், பிள்ளைப்பேற்றின் அறிகுறிகளைத் தேடும் கண் அவனுக்கும் ஆதியிலிருந்தே படிந்துவிட்டன என்பது பஸ்ஸின் விளக்கம். செய்தித்தாள்களுக்கு இது நல்ல தீனி. அதே ஆய்வில் ஆணும் பெண்ணும் ஒன்றுபோல் உச்சத்தில் வைத்தவை அன்பான மனமும் அறிவும் என்பது அந்த அளவுக்குப் பரவவில்லை. ‘கற்பு’ என்ற எதிர்பார்ப்போ நாட்டுக்கு நாடு மிக அதிகமாக வேறுபட்டது: இந்தியா, சீனா, ஈரான் போன்ற நாடுகளில் அதற்கு மிகுந்த மதிப்பு, ஸ்வீடனில் அது ஒரு கேள்வியாகவே எடுபடவில்லை.

ஆலிஸ் ஈக்லி, வெண்டி வுட் இருவரும் 1999-இல் பஸ்ஸின் தரவுகளையே மறுபடி எடுத்து, பாலினச் சமத்துவம் கூடிய நாடுகளில் இந்த ஆண்–பெண் வேறுபாடுகள் சில சுருங்குவதைக் காட்டினார்கள். சம்பாதிக்க வழியில்லாதவள் சம்பாதிப்பவனைத் தேடுவதற்கு ஆதிமனித வரலாறு தேவையில்லை என்பது அவர்கள் வாதத்தின் சாரம். 2020-இல் 45 நாடுகளில் 14,399 பேரிடம் பஸ்ஸின் கேள்விகள் மறுபடி கேட்கப்பட்டன. வேறுபாடுகள் மீண்டும் தெரிந்தன. சமத்துவம் கூடிய நாடுகளில் இணையரின் வயது இடைவெளி குறைந்தது. மற்ற விருப்பங்கள் அவ்வளவு தெளிவாக அசையவில்லை. ஆக, இரு தரப்பும் தாங்களே வென்றதாகச் சொல்லிக்கொள்ள இடமிருக்கிறது.

எனக்கு இந்தச் சண்டையைவிட, இரு தரப்பும் கேள்வியின்றி ஏற்றுக்கொண்ட ஒன்றுதான் முக்கியமாகப் படுகிறது. துணையிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டால் மனிதர்கள் தரும் விடை, அவர்கள் உண்மையில் யாரிடம் மனம் இழப்பார்கள் என்பதைச் சொல்லும் என்று இருவருமே நம்பினார்கள்.

இதைச் சோதிக்க வாய்த்த கருவி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1998 வாக்கில் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் யாக்கோவ் டேயோ என்ற யூத மதகுரு, தம் சமூகத்து இளைஞர்கள் வெளியே மணம் முடித்துவிடாமல் தங்களுக்குள்ளேயே துணை தேடிக்கொள்வதற்காக ஒரு வழி கண்டுபிடித்தார். ஆண்களும் பெண்களும் எதிரெதிரே அமர்ந்து சில நிமிடம் பேசுவார்கள். மணி அடித்ததும் அடுத்தவரிடம் நகர்வார்கள். இறுதியில் இருவரும் ‘சரி’ என்று குறித்திருந்தால் மட்டுமே தொடர்பு விவரம் கைமாறும். ‘ஸ்பீட் டேட்டிங்’ என்று உலகம் முழுவதும் பரவிய இந்த நவீன ஏற்பாடு, அகமணத்தைக் காக்கப் பிறந்தது என்பதை நம் ஊர்த் திருமணத் தரகர்கள் கேட்டால் சிரிப்பார்கள்.

நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பால் ஈஸ்ட்விக், ஈலை ஃபிங்கல் இருவரும் 163 மாணவர்களை இப்படி நான்கு நான்கு நிமிடம் பேச வைத்தார்கள். நிகழ்ச்சிக்கு முன்பே ஒவ்வொருவரும் தம் எதிர்பார்ப்புகளை எழுதிக் கொடுத்திருந்தார்கள். வழக்கம்போல ஆண்கள் தோற்றத்துக்கும் பெண்கள் வருமான வாய்ப்புக்கும் கூடுதல் மதிப்பெண் தந்தார்கள். ஆனால் எதிரே ஆள் வந்து அமர்ந்ததும் அந்தப் பட்டியல் செயலிழந்தது. அழகு இரு பாலரையும் ஒரே அளவில் ஈர்த்தது. வருமான வாய்ப்பும் அப்படியே. அழகு தனக்கு மிக முக்கியம் என்று எழுதியவர், முக்கியமில்லை என்று எழுதியவரைவிடக் கூடுதலாக அழகால் ஈர்க்கப்படவில்லை. 2008-இல் இது வெளிவந்தபோது எதிர்ப்பும் கிளம்பியது. நான்கு நிமிடச் சந்திப்பை வைத்து வாழ்க்கைத் துணைத் தேர்வைப் பேசலாமா, ஏற்கெனவே ஒரே தரத்தில் உள்ள மாணவர்களுக்குள் வேறுபாடு எப்படித் தெரியும் என்ற கேள்விகள் நியாயமானவைதான். ஈஸ்ட்விக் பின்னர் 43 நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய ஆய்வில், எழுதிக் கொடுத்த எதிர்பார்ப்புக்கும் உண்மையான துணைக்கும் ஓரளவு தொடர்பு இருப்பது தெரிந்தது. என்றாலும் தோற்றம் தங்களை எவ்வளவு ஆட்டுவிக்கிறது என்பதை மக்கள், குறிப்பாகப் பெண்கள், குறைத்தே மதிப்பிட்டிருந்தார்கள்.

தன் ஈர்ப்பின் காரணத்தைத் தானே அறியாத நிலைக்குப் புகழ்பெற்ற சான்று கனடாவின் வான்கூவர் அருகே உள்ள கபிலானோ தொங்குபாலம். ஆற்றிலிருந்து 70 மீட்டர் உயரத்தில் காற்றில் ஆடும் அந்தப் பாலத்தைக் கடந்துவந்த இளைஞர்களிடம் ஒரு பெண் சில கேள்விகள் கேட்டு, மேலும் அறிய விரும்பினால் கூப்பிடலாம் என்று தொலைபேசி எண்ணைக் கிழித்துக் கொடுத்தார். எண் வாங்கிய 18 பேரில் 9 பேர் கூப்பிட்டார்கள். பக்கத்தில் தாழ்வான, ஆடாத பாலத்தில் எண் வாங்கிய 16 பேரில் இருவர் மட்டும். பயத்தில் படபடத்த நெஞ்சை அவர்கள் ஈர்ப்பு என்று எடுத்துக்கொண்டார்கள் என்று சோதனையை நடத்திய டட்டனும் ஆரனும் 1974-இல் விளக்கினார்கள். காதலைப் பற்றிய இவ்வளவு பெரிய பாடம் மொத்தம் 11 தொலைபேசி அழைப்புகளின் மேல் நிற்கிறது! பின்னர் வந்த சோதனைகள் இதற்கு ஒரு திருத்தம் போட்டன: படபடப்பு அழகானவர் மீதான விருப்பத்தைக் கூட்டியது, அழகில்லாதவர் மீதான விருப்பத்தைக் குறைத்தது. இதே வரிசையில், 1995-இல் சுவிட்சர்லாந்தில் கிளாஸ் வெடெகிண்ட், ஆண்கள் அணிந்த பனியன்களைப் பெண்களை முகரச் செய்து, நோயெதிர்ப்பு மரபணு வேறுபட்டவரின் மணமே அவர்களுக்குப் பிடிக்கிறது என்றார். பின்வந்த ஆய்வுகள் சில ஆம் என்றன, பல இல்லை என்றன. இதை வைத்து எழுதப்படும் ‘காதலின் வேதியியல்’ கட்டுரைகளை நம்பாமல் இருப்பது நல்லது.

குழந்தைப் பருவமே துணையைத் தீர்மானிக்கிறது என்பார்கள் இன்னொரு சாரார். ஜான் பௌல்பி, மேரி ஐன்ஸ்வொர்த் இருவரும் தாய்–சேய் பிணைப்பைப் பற்றிச் சொன்னதைச் சிண்டி ஹேசனும் ஃபிலிப் ஷேவரும் 1987-இல் காதலர்களுக்குப் பொருத்தினார்கள். டென்வர் நாளிதழ் ஒன்றில் காதல் வினாடி வினா ஒன்றை வெளியிட்டு, வந்த விடைகளில் 620-ஐ ஆராய்ந்தார்கள். பாதிக்குச் சற்று மேற்பட்டோர் நிம்மதியாக நெருங்குபவர்கள். கால்வாசிப் பேர் நெருக்கத்திலிருந்து விலகுபவர்கள். மற்றவர்கள் கைவிடப்படுவோமோ என்று ஏங்குபவர்கள். இன்று சமூக ஊடகங்களில் இந்த மூன்று பெயர்களும் ராசிபலன்போலப் புழங்குகின்றன. ஆனால் 1994-இல் கர்க்பேட்ரிக், டேவிஸ் இருவரும் 354 காதல் ஜோடிகளைப் பார்த்தபோது கிடைத்த தகவல் கவனிக்கத்தக்கது: இருவருமே ஏங்குபவர்களாகவோ இருவருமே விலகுபவர்களாகவோ இருந்த ஜோடி ஒன்றுகூட இல்லை. ஏங்கும் பெண்ணும் விலகும் ஆணும் சேர்ந்த ஜோடிகள், உறவைப் பற்றி மனக்குறை சொல்லிக்கொண்டே மூன்றாண்டு கழித்தும் சேர்ந்திருந்தன. நம் குடும்பங்களில் இதற்கு எடுத்துக்காட்டுத் தேட அதிக தூரம் போக வேண்டியதில்லை.

எல்லாக் கோட்பாடுகளும் ஆளுக்கொரு துண்டு உண்மையை வைத்திருக்கின்றன என்றால், அத்தனையையும் ஒன்றாகக் கூட்டிப் பார்க்கலாமே? 2017-இல் சமந்தா ஜோயல், ஈஸ்ட்விக், ஃபிங்கல் மூவரும் அதைத்தான் செய்தார்கள். ஸ்பீட் டேட்டிங்குக்கு வந்தவர்களிடம் முன்கூட்டியே நூற்றுக்கும் மேற்பட்ட பண்புகளையும் விருப்பங்களையும் கேட்டு வாங்கி, இயந்திரக் கற்றல் முறையில் கணினியிடம் கொடுத்தார்கள். ஒருவர் பொதுவாக எல்லோரையும் எவ்வளவு விரும்புவார் என்பதைக் கணினி 4 முதல் 18 விழுக்காடு வரை கணித்தது. ஒருவர் பொதுவாக எவ்வளவு விரும்பப்படுவார் என்பதை 7 முதல் 27 விழுக்காடு வரை கணித்தது. குறிப்பிட்ட இவருக்குக் குறிப்பிட்ட அவர் மீது தனியாக எழும் விருப்பத்தை மட்டும் அதனால் கொஞ்சமும் கணிக்க முடியவில்லை. வால்ஸ்டரின் கணினி பொருத்தம் பார்ப்பதாகப் பாவனை செய்தது. அரை நூற்றாண்டு கழித்து வந்த கணினி மெய்யாகவே பார்த்தது, கைவிரித்தது.

அமெரிக்காவில் 2017-இல் அறிமுகமான ஆண்–பெண் ஜோடிகளில் 39 விழுக்காட்டினர் இணையம் வழியாகச் சந்தித்தவர்கள். இங்கே திருமணத் தளங்கள் தரகரின் நோட்டுப் புத்தகத்தை விழுங்கிவிட்டன. ஆள் கண்ணில் படும் வட்டத்தை இவை பெருக்கியிருக்கின்றன என்பதில் ஐயமில்லை. போசார்டின் ஐந்து தெருவைத் தாண்ட அவை உதவுகின்றன. ஆனால் ‘உங்கள் பொருத்தம் 92 விழுக்காடு’ என்று ஒரு செயலி காட்டும்போது, அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் வடிகட்டிதான். ஃபிங்கலும் அவருடைய சகாக்களும் 2012-இல் இத்தகைய தளங்களை விரிவாக ஆராய்ந்து, அவற்றின் பொருத்தச் சூத்திரங்கள் வேலை செய்கின்றன என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று எழுதினார்கள். ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்ப்பதை மூடநம்பிக்கை என்று ஏளனம் செய்துவிட்டுச் செயலியின் விழுக்காட்டை நம்புகிறவர் எந்த வகையில் முன்னேறியவர் என்று எனக்குப் புரியவில்லை.

காலம் என்ற ஒன்றைத்தான் இந்தப் பட்டியல்கள் எல்லாம் விட்டுவிடுகின்றன. 2015-இல் 167 ஜோடிகளை ஆராய்ந்தபோது, அறிமுகமான குறுகிய காலத்தில் காதலர் ஆனவர்கள் தோற்றத்தில் ஒருவருக்கொருவர் ஈடாக இருந்தார்கள். நெடுநாள் பழகிய பிறகு காதலித்தவர்களிடம் அந்த ஈடு அநேகமாகக் காணாமல் போயிருந்தது. முதல் நாளில் அழகு யார் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. பழகப் பழக அவரவருக்கு அவரவர் கருத்து உண்டாகிறது. மின்னசோட்டா மாணவர்களுக்குக் கிடைத்தது ஒரே ஓர் இரவு.

திருமணத்துக்குப் பிறகு வருவதுதான் உண்மையான காதல் என்று நிறுவ, 1982-இல் ஜெய்ப்பூரில் குப்தாவும் சிங்கும் செய்த ஆய்வை நம்மவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். பெற்றோர் பார்த்து முடித்தவர்களின் அன்பு ஆண்டுகள் செல்லச் செல்லக் கூடுகிறது, காதல் மணம் செய்தவர்களிடம் குறைகிறது என்பது அதன் முடிவு. மொத்தம் 50 தம்பதியர். அதுவும் ஒரே தம்பதியைத் தொடர்ந்து கவனித்ததன்று, வெவ்வேறு ஆண்டுக்கால வரம்பில் இருந்த வெவ்வேறு தம்பதியரை ஒப்பிட்டது. சீனாவின் செங்து நகரில் 586 பெண்களிடம் நடத்தி 1990-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு எதிராக, தாமே தேர்ந்து மணந்தவர்களே எல்லாக் காலத்திலும் நிறைவாக இருந்ததாகச் சொல்கிறது. அமெரிக்காவில் வாழும் இந்தியர்களிடம் 2012-இல் பார்த்தபோது இரு வகைக்கும் வேறுபாடே தெரியவில்லை. ஜெய்ப்பூரை மட்டும் மேற்கோள் காட்டுவது நேர்மையன்று.

2020-இல் ஜோயலும் பல நாட்டு ஆய்வாளர்களும் 43 தரவுத் தொகுப்புகளிலிருந்து 11,196 ஜோடிகளைத் திரட்டிக் கணினியில் இட்டார்கள். உறவின் நிறைவை அதிகம் விளக்கியது, துணை எப்படிப்பட்டவர் என்பதன்று. துணை என்னிடம் உறுதியாக இருக்கிறார் என்ற உணர்வு, என்னை மதிக்கிறார் என்ற உணர்வு, எவ்வளவு சண்டை நடக்கிறது போன்ற, இருவருக்கும் இடையே விளையும் விஷயங்களே முன்னே நின்றன. துணையின் தனிப்பட்ட குணநலன்கள், அவரே எழுதிக் கொடுத்தவைகூட, கணக்கில் சேர்த்தது சொற்பம்.

வரன் பார்க்கும் குடும்பங்களுக்கு இதிலிருந்து நேரடியாக ஒரு வேண்டுகோள் உண்டு. பெண் பார்த்துவிட்டு வந்த அன்று மாலையே ‘பிடித்திருக்கிறதா, இல்லையா’ என்று பிள்ளைகளிடம் விடை கேட்காதீர்கள். அரை மணி நேரத்தில் தெரிவது மின்னசோட்டாவில் தெரிந்தது மட்டுமே. நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிப்பதற்கு முன் இருவரும் சில மாதங்களாவது தனியே சந்தித்துப் பேசிப் பழக இடம் கொடுங்கள். அதன் பிறகு அவர்களில் ஒருவர் வேண்டாம் என்று சொன்னால், காரணம் கேட்டு நச்சரிக்காமல் விட்டுவிடுங்கள். அந்தக் காரணம் பெரும்பாலும் அவர்களுக்கே தெரியாது.